ஆளில்லாமல் அதிர்ந்த சட்டை

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு சட்டை நாற்காலியில் அமர்ந்து தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. அதற்குரிய ஆளான என் மகள் தேன்மொழி, பதின்மூன்று வயதினள், கட்டிலில் குப்புறப் படுத்துக் கணினியில் தோழியரோடு அரட்டையடித்துக்கொண்டிருந்தாள். கீழே சமையலறையில் நின்றபடி, மேலிருந்து வரும் இயந்திர ஒலியைக் கேட்டு, ‘பிள்ளை தன் கடமையைத் தானே செய்கிறாள்’ என்ற மனநிறைவோடு எத்தனை வாரங்களாக நான் தோசை வார்த்தேனோ, தெரியவில்லை.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லும் ஊர்க்காரர்கள் பனியையும் நெடுஞ்சாலைகளையும் எதிர்பார்க்கிறார்கள். பொறுத்தருள வேண்டும், இது சளியைப் பற்றியது.

தேன்மொழிக்குப் பிறவியிலேயே மூச்சுக்குழாய்கள் பழுதுபட்டவை. நமக்கெல்லாம் நெஞ்சில் ஊறும் சளி நாம் அறியாமலே மேலேறி நீங்கிவிடுகிறது. அவளுக்கு அது ஏறாது, அங்கேயே தேங்கும். தேங்கினால் கிருமி சேரும், காய்ச்சல் வரும். வந்த காய்ச்சல் ஒவ்வொன்றும் நுரையீரலில் ஒரு பங்கைக் கெடுத்துவிட்டுப் போகும். கெட்டது மீளாது. ஆகவே நாள்தோறும் காலையும் மாலையும் நெஞ்சைக் குலுக்கிச் சளியை இளக்கி, இருமித் துப்பியாக வேண்டும். அவளுடைய வாழ்நாள் முழுமைக்குமான மருத்துவம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

குலுக்குவதற்குத்தான் அந்தச் சட்டை. காற்றடைத்த மேற்சட்டை ஒன்று, தடித்த குழாய்கள் இரண்டு, பயணப்பெட்டியளவு பொறி ஒன்று. பொறி காற்றை விட்டுவிட்டு அடிக்கும். சட்டை விம்மியும் தளர்ந்தும் மார்பை உலுக்கும். தமிழை முறையாகக் கற்றவள் என்னும் செருக்கில் நான் அதற்கு ‘அதிர்கவசம்’ என்று பெயர் சூட்டினேன். என் மகள் ‘குலுக்குச் சட்டை’ என்றாள். என் பெயர் அன்று மாலைவரைகூட நிலைக்கவில்லை.

சட்டை எளிதில் வரவில்லை. காப்பீட்டு நிறுவனம் மீண்டும் மீண்டும் மறுத்து எழுதியது: இச்சாதனம் இக்குழந்தைக்கு இன்றியமையாதது என்பது மெய்ப்பிக்கப்படவில்லையாம். கையொப்பமிட்டவர் குழந்தையையும் பார்த்ததில்லை, சாதனத்தையும் பார்த்ததில்லை என்பதை மட்டும் அக்கடிதங்கள் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்தன. அதுவரை கைதான் பொறி. குழந்தையைத் தலை தாழ்த்திப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குழித்து, முதுகிலும் விலாவிலும் தட்டித் தட்டிச் சளியை இறக்குவேன். ஒருநாள் பள்ளியில் ஆசிரியை, “உங்களை வீட்டில் யாராவது அடிக்கிறார்களா?” என்று பொதுவாக எல்லாப் பிள்ளைகளையும் கேட்டிருக்கிறார். தேன்மொழி எழுந்து நின்று, “ஆம், என் தாய்; நாள்தோறும் இருமுறை. என் நன்மைக்காகத்தான்” என்று விடையிறுத்தாள்.

மறுநாளே குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். நான் தட்டுவதை நேரிற்கண்டார். பத்து நிமிடத்தில் என் கை ஓய்ந்ததையும் கண்டார். போனவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மருத்துவர் எழுதி அசையாத சட்டை நலத்துறை எழுதி நகர்ந்து வந்தது. அமெரிக்காவின் இந்த ஒகையோ மாநிலத்தில் தாய் அடித்தால் விசாரணை, பொறி அடித்தால் சிகிச்சை.

இத்தனை பாடுபட்டு வந்த சட்டைதான் நாற்காலியில் உட்கார்ந்து காற்றுக்குச் சிகிச்சையளித்துக்கொண்டிருந்தது.

பொறியை நிறுத்தினேன். “என்ன இது?” என்றேன்.

“பக்கத்து வீட்டு எமிலி எப்போது வேண்டுமானாலும் வருவாள். அவள் பார்க்கக் கூடாது” என்றாள்.

“ஒலி கேட்குமே. என்னவென்று சொல்லிவைத்திருக்கிறாய்?”

“வாஷிங் மெஷின்.”

சென்ற ஓராண்டாக ஆங்கிலத்தில் மட்டுமே என்னோடு சண்டையிடுபவள், தமிழுக்கு மாறினாள். “தாத்தா கிரைண்டர் என்று சொன்னார். பெரிய அம்மாயி இளைக்கிற மெஷின் என்று சொன்னார்கள். நான் வாஷிங் மெஷின் என்கிறேன். நானும் அந்த வீட்டுப் பெண்தானே?”

ஒரு பிழையும் இல்லாத வாக்கியங்கள். அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2

தேன்மொழிக்கு ஒன்பது வயதானபோது அரியலூருக்குப் போனோம். அரியலூர் ஒரு முழு மாவட்டமாக வாழ்ந்து பார்த்துவிட்டு, மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு மனம் நொந்திருந்த காலம் அது. இப்போது மறுபடியும் மாவட்டமாகிவிட்டதாகக் கேள்வி. அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்துப் படிவங்களில் பிறந்த மாவட்டம் என்ற கட்டத்தை நான் மும்முறை மூன்று விதமாக நிரப்பியிருக்கிறேன். நான் பிறந்த இடம் அங்கேயேதான் இருக்கிறது. மாவட்டந்தான் நடமாடுகிறது என்றால் அவர்களுக்கு விளங்கவில்லை.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அலுவலர் பொறியைத் திறக்கச் சொன்னார். “என்னம்மா, ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆம்ப்ளிஃபயரா?” என்றார். மருத்துவக் கருவி என்றேன். “விக்கிறதுக்கா?” என்றார். போட்டுக் காட்ட மின்சாரம் வேண்டும். அமெரிக்க மின்னழுத்தம் வேறு. அதற்கென மின்னழுத்தம் குறைக்கும் பெட்டி ஒன்று தனியாக அம்மியின் கனத்தோடு இருந்தது. அந்த அம்மியைக் கண்டதும் அவருக்கு ஐயம் தீர்ந்தது. விற்க நினைப்பவர் எவரும் அதைச் சுமந்து வரமாட்டார் என்று விட்டுவிட்டார்.

போனது என் தங்கை மலர்விழிக்கு வரன் பேச. எங்கள் தாய் காலமாகிப் பல ஆண்டுகளாயின. அப்பா உரக்கடையைப் பார்க்க, வீட்டைப் பார்ப்பவர் பெரியம்மா, தாயின் அக்காள்; தேன்மொழிக்குப் பெரிய அம்மாயி. பெரியம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தி ஆரத்தி சுற்றினார். சுற்றிய கையோடு காதருகே வந்தார்.

“அந்த மெஷின உள்ரூம்ல வச்சுரு. யாரு கேட்டாலும் புள்ளைக்கு லேசா சளின்னு மட்டும் சொல்லு. பரம்பரைச் சீக்குன்னு ஊருல ஒரு பேச்சு வந்துச்சு, மலரு கழுத்துல தாலி ஏறாது. தெரிஞ்சுக்க.”

தெரிந்துகொண்டேன். ஆனால் ஊர் சும்மாயிருக்குமா? குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலமும் ஆளுக்கொரு மருந்தும் கொண்டுவந்தார்கள். ஆடாதொடை, தூதுவளை, கற்பூரவல்லி, கோழிச் சூப்பு. பயணத்துக்கென்று அவள் பையில் ஒரு சிறு ஊதுகுழலும் இருந்தது: உள்ளே உருக்குக் குண்டு உருளும் குழல், ஊதினால் குண்டு துள்ளி நெஞ்சுக்குள் அதிர்வை அனுப்பும். புகைக்குழலின் அதே வடிவம். அதை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தவளைச் சன்னல் வழியே கண்ட எதிர்வீட்டம்மாள் என்னைத் தனியே அழைத்து, “அமெரிக்காவுல பொம்பளப் புள்ளைங்க இந்த வயசுலயேவா சுருட்டு புடிக்கிது?” என்றார். இல்லையென்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

தேன்மொழியின் தமிழ் அவர்களுக்குத் தனி வேடிக்கை. நான் கற்பித்த தமிழ். ஆகையால் அச்சிட்டாற்போல் வரும். “எனக்கு இருமல் வருகிறது, சற்று விலகி அமருங்கள்” என்பாள். “நியூஸ் வாசிக்கிது புள்ள” என்று சிரிப்பார்கள். சிரித்த அதே வாய்கள், அவள் இருமிக் கிண்ணத்தில் துப்பும்போது கோணின. கவனியுங்கள்: அரியலூர்ப் பேருந்து நிலையத்தின் சுவர் முழுவதும் வெற்றிலைச் சாறு. தெருவில் நடக்கும் ஆடவர் இடமும் வலமும் பார்த்துத் துப்புவதில்லை. மேலே படாதவாறு நாம்தான் பார்த்து நடக்க வேண்டும். அந்த ஊரில், சுத்தமான கிண்ணத்தில், மூடி போட்டு, ஒரு சிறுமி துப்புவது அநாகரிகம்.

“தங்கம், ஆளுங்க இருக்கறப்ப துப்பாதடா. அப்படியே முழுங்கிரு” என்று பெரியம்மா அன்பாகத்தான் சொன்னார்.

சில நாளில் அவள் விழுங்கக் கற்றுக்கொண்டாள். நடைபழகும் வயதிலிருந்து இருமவும் துப்பவும் நான் பழக்கிய குழந்தை, ஆள் வரும் அரவம் கேட்டாலே உதட்டை இறுக்கிக் கண்ணில் நீர் கோக்க உள்ளே அடக்குவதைப் பார்த்தேன். இரவில் அவள் முதுகில் காதை வைத்தால் கொதிக்கும் உலைபோல் ஒலித்தது. மலரின் கழுத்தில் தாலி ஏறுவதற்குள் என் மகளின் நெஞ்சில் காய்ச்சல் ஏறிவிடும் என்று அஞ்சினேன்.

3

மாப்பிள்ளை வீட்டார் பெரம்பலூர். ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருப்பவர்கள். வெள்ளிக்கிழமை, இராகு காலம் கழிந்து, பன்னிரண்டு மணிக்குமேல் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அன்று விடியற்காலையில் மின்சாரம் இல்லை. வந்தபின், பத்து மணிக்குத் தேன்மொழியைப் பின்கட்டு அறையில் உட்கார்த்திச் சட்டையை மாட்டினேன். “இன்னிக்கு ஒருநாளு வேணாமே” என்று பெரியம்மா கெஞ்சினார். முதுகின் ஒலியைக் கேட்டிருந்த நான் இசையவில்லை.

பொறி முழங்கத் தொடங்கிய அதே நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. இராகு காலத்தில் வழியில் இருக்க வேண்டாமென்று, அது பிறக்குமுன்னே வந்து சேர்ந்துவிட்டார்களாம். இரண்டு மணிநேரம் முன்னதாக வந்து விழுவது எங்கள் பக்கத்தில் அவமரியாதையன்று, சாத்திரம்.

கூடத்தில் மாப்பிள்ளையின் தந்தை கேட்டது எனக்குக் கேட்டது. “என்னங்க உள்ள சத்தம்?”

“கிரைண்டருங்க” என்றார் அப்பா. “இட்டிலிக்கு அரைக்கிறாங்க.”

“இந்நேரத்துலயா?”

“நம்ம வூட்டுல எந்நேரமும் அரைச்சுக்கிட்டேதாங்க இருப்பாங்க.”

பெண் பார்க்க வருபவர்கள் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளையின் தாயார் தண்ணீர் கேட்கும் சாக்கில் எழுந்து, சமையலறை, கிணற்றடி, மாட்டுக்கொட்டில் என்று ஒரு சுற்று வருவார். செல்லம்மாள் என்ற அந்த அம்மையார் நல்ல ஆகிருதி. கழுத்தில் கனத்த சங்கிலி. புடவைத் தலைப்பு எப்போதும் வாயருகே. சுற்றிக்கொண்டே வந்தவர் எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஐயய்யோ! புள்ள என்னங்க இந்த ஆட்டம் ஆடுது?”

பின்னாலேயே ஓடிவந்த பெரியம்மா மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. “ஒண்ணுமில்லிங்க. எளைக்கிற மெஷினுங்க. அமெரிக்காவுல இப்ப எல்லாரும் இதத்தான் போடுறாங்க.”

செல்லம்மாள் தேன்மொழியை மேலும் கீழும் பார்த்தார். “குச்சியாட்டம் இருக்குதே. இன்னும் எங்கங்க எளைக்கணும்?”

“எளைச்சதுக்கு அப்பறந்தாங்க நீங்க பாக்குறீங்க! போன மாசம் பாத்திருக்கணும். கதவுல நொழையாது.”

தேன்மொழி மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சட்டைக்குள் இருப்பவர் பேசினால் ஒவ்வோர் எழுத்தும் பலவாக உடைந்துதான் வெளிவரும். ஆகவே அன்று எங்கள் வீட்டில் உண்மை உரக்கச் சொல்லப்பட்டும் எவருக்கும் விளங்கவில்லை.

செல்லம்மாளின் கண்களில் ஓர் ஒளி பிறந்தது. “கழட்டு கண்ணு. நானும் ஒருக்கா போட்டுப் பாக்குறேன்.”

“ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் போடக் கூடாதுங்க” என்றேன் நான்.

ஒளி அணைந்தது. “ஏங்க, நாங்க தொட்டா ஆவாதா?”

ஒகையோவில் அது கிருமி பற்றிய விதி. அரியலூரில் அது தீட்டு. தீட்டை நன்கறிந்த ஊரில் நின்று கிருமியை விளக்க எனக்கு அவகாசமில்லை. பெரியம்மா வேறு என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தேன்மொழியின் முறை முடிந்திருந்தது. சட்டையை மருந்து தொட்டுத் துடைத்துக் கொடுத்தேன். சிறுமியின் சட்டை அவர் மார்பில் பாதியைக்கூட எட்டவில்லை. முன்பக்கமாக அணைத்துவைத்து, அப்பாவின் துண்டால் முதுகில் முடிச்சிட்டுக் கட்டினோம். பொறியை மெல்ல முடுக்கினேன்.

“ந-ந-நல்-லா-ருக்-கு-ங்-க” என்றார். சிரித்தார். சிரிப்பும் உடைந்து உடைந்து வந்ததில் மேலும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நெஞ்சின் ஆழத்திலிருந்து ஓர் இருமல் புறப்பட்டது. அது நேற்றைய இருமலன்று. பல்லாண்டுகள் அங்கே குடியிருந்த ஒன்று. புடவைத் தலைப்பு ஏன் எப்போதும் வாயருகே இருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்தது. உதடுகள் இறுகின. என் மகள் அந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த முகம் அது.

அந்த நொடியில் மின்சாரம் போயிற்று.

பொறி நின்ற பேரமைதியில், கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் தெளிவாக விழும்படி, என் மகளின் குரல் எழுந்தது. “விழுங்காதீர்கள், அத்தை! துப்புங்கள்! விழுங்கினால் காய்ச்சல் வரும்!” தன் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். “வெட்கப்படக் கூடாது. கண்ணாடியில் ஆவி படர ஊதுவோமே, அப்படி ‘ஹா’ என்று ஊதுங்கள். பிறகு துப்புங்கள்.”

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் மட்டும் கேட்டது: “கிரைண்டரு நின்னுபோச்சு போலருக்கு.”

செல்லம்மாள் ஊதினார், இருமினார், துப்பினார். தேன்மொழி கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு, மருத்துவர்கள் தன்னிடம் பேசும் அதே தொனியில், “பச்சையாக இருக்கிறது. நீங்கள் மருத்துவரிடம் போக வேண்டும்” என்றாள்.

செல்லம்மாளின் முகம் வெளிறியது. குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: “வெளிய சொல்லிராத கண்ணு. டி.பி.ன்னு கட்டிவுட்ருவானுங்க. முப்பது வருசமா முழுங்கிக்கிட்டுக் கெடக்குறேன்.”

எல்லாம் முடிந்தது என்று நான் எண்ணினேன். பெரியம்மாவை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்ற மாப்பிள்ளையின் தந்தையிடம், கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டே, “கொழுப்புங்க. கரைஞ்சு கரைஞ்சு வருது பாருங்க” என்றார்.

“ஆமாங்க” என்றார் செல்லம்மாள், துண்டை அவிழ்த்துக்கொண்டே. ஆழமாக ஒருமுறை மூச்சை இழுத்தார். அது தடையின்றிப் போனதில் அவருக்கே வியப்பு. “லேசாத்தான் இருக்கு.” பிறகு கூடத்துக்குப் போய், மலரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பொண்ணு நமக்குப் புடிச்சிருக்கு” என்று அறிவித்தார்.

4

திருமணம் இனிதே நடந்தது. இரு வீட்டாரும் ஒருவர் நெஞ்சை மற்றவர் அறிந்து சம்பந்தம் செய்துகொண்டது எங்கள் வட்டாரத்தில் அதுவே முதன்முறையாக இருக்கும். செல்லம்மாள் உறவினர் வீட்டு விசேஷம் என்று சொல்லித் திருச்சிக்குப் போய் மருத்துவரைப் பார்த்தார். காசநோய் இல்லை, பழைய சளி, மூச்சுக்குழாயைக் கெடுத்து வைத்திருந்தது. மாத்திரை தந்து, தினமும் இருமித் துப்பச் சொன்னாராம் மருத்துவர். “இத எங்க புள்ள முன்னயே சொல்லிருச்சே” என்று திரும்பிவந்தார். புதிய ஊதுகுழல் ஒன்றை வாங்கியனுப்பினேன். இன்று லாரிக் கொட்டகையில், ஓட்டுநர்கள் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்து, அதைப் பகிரங்கமாக ஊதுகிறாராம். அருகில் துப்புவதற்கென்று ஒரு சொம்பு. கேட்டால் ‘அமெரிக்காச் சுருட்டு’ என்கிறாராம். இளைக்கும் இயந்திரப் புரளி மட்டும் இன்றும் உயிரோடிருக்கிறது. ஊரிலிருந்து எவர் தொலைபேசினாலும், அடுத்த முறை வரும்போது அதில் ஒன்று என்று கேட்காதவர் இல்லை.

அந்த அம்மையாருக்கு வெட்கத்தை விட்டு இருமக் கற்பித்த சிறுமிதான், இங்கே, அவ்வூர்ப் புரளிகளையெல்லாம் பரம்பரைச் சொத்தாக எடுத்துக்கொண்டு, காலிச் சட்டையைக் குலுக்கவிட்டுப் படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டேன், சுடத் தொடங்கியிருந்தது. திட்டினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் திட்டினேன். கதவு என் முகத்தில் மூடிற்று.

அன்று மலரின் திருமண ஆண்டுநாள். வாழ்த்துச் சொல்லப் பெரம்பலூருக்குத் தொலைபேசினேன். மலர் பேசி முடித்ததும் செல்லம்மாள் வாங்கி, வழக்கம்போல், “எங்க டாக்டரு எங்க?” என்றார். கதவைத் தட்டி, ஒலிபெருக்கியைத் திறந்து, தொலைபேசியை உள்ளே நீட்டினேன்.

“கண்ணு, மெஷினு போட்டியா?”

“போட்டேன், அத்தை.”

“எங்க, ஒருக்கா ‘ஹா’ன்னு ஊது பாப்போம்.”

தேன்மொழி ஊதினாள். நெஞ்சுக்குள் உலை கொதித்தது, இருமல் எழுந்தது, உதடுகள் இறுகின.

அந்தப் பக்கத்திலிருந்து, என் மகளின் அதே அச்சுத் தமிழில், அதே குரலில், “விழுங்காதீர்கள், அத்தை!” என்று வந்தது. உடனே சொந்தக் குரல்: “முழுங்கிட்டல்ல? எங்கிட்டயேவாடி! முப்பது வருசமா முழுங்குனவ, எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? சட்டைய மாட்டு. போன வச்சுராத. நான் இங்கனயேதான் ஒக்காந்திருக்கேன். சுருட்ட எடுத்துக்குறேன்.”

தேன்மொழி என்னைப் பார்க்காமல் எழுந்து சட்டையை மாட்டினாள். பொறி முழங்கிற்று. தொலைபேசியில் பெரம்பலூர்க் குழல் கடகடத்தது. அரைமணி நேரம் ஒகையோவும் பெரம்பலூரும் சேர்ந்து அதிர்ந்தன. அதற்கிடையில் கீழே அழைப்புமணியை அடித்துவிட்டு, தானே கதவைத் திறந்து எமிலி படியேறி வந்துகொண்டே, “மறுபடியும் துணி துவைக்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கத்தினாள்.

கதவை மூடுவதற்கு என் கை எழுந்தது. மகள் தலையசைத்து வேண்டாமென்றாள்.

“இ-ல்-லை” என்று உடைந்த குரலில் அவளும் ஆங்கிலத்தில் கத்தினாள். “இ-து நா-ன். வந்-து பார்.”

எமிலி வாசற்படியில் வாயைப் பிளந்து நின்றாள். தேன்மொழி பொறியை நிறுத்தினாள். கண்ணாடியில் ஆவி படர ஊதுவதுபோல் ஊதினாள், இருமினாள், நெடுநேரம் இருமிக் கிண்ணத்தில் துப்பினாள். அதன் பிறகுதான் தோழியின் முகத்தைப் பார்த்தாள். தோழி, அருவருப்பும் ஆவலும் சரிபாதியாக, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கலரு?” என்றது தொலைபேசி.

“கொஞ்சம் மஞ்சள், அத்தை.”

“நாளைக்கே டாக்டருகிட்டப் போவணும். என்னுது வெள்ள” என்றார் செல்லம்மாள், ஒரு பெருமூச்சோடு. “எப்படியோ, இன்னிக்கு நாம ரெண்டு பேரும் எளைச்சுட்டோம், போ.”